டோக்கியோ ஒலிம்பியாட்: 170 நிமிடம், இரண்டு ராத்திரி

பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் விசில் ஊதிய பி.டி. மாஸ்டர் நான். காலேஜில் 800 மீட்டர் ஓடியவன். எப்போதும் நாலாவதோ ஐந்தாவதோதான். அதனாலேயே விளையாட்டுப் படம் என்றால் எனக்கு ஆகாது. கடைசி நொடியில் கதாநாயகன் முந்துவான், பின்னணியில் வயலின் அழும். மகன் கிரைட்டீரியன் நிறுவனம் வெளியிட்ட இந்தப் படத்தின் ப்ளூரே டிஸ்க்கை வாங்கி வந்து மூன்று வாரம் நச்சரித்த பிறகுதான் போட்டேன்.

1964 டோக்கியோ ஒலிம்பிக்கைப் பற்றி கோன் இச்சிகாவா எடுத்து, 1965-ல் வெளிவந்த ஆவணப்படம். முதலில் தகிக்கிற சூரியன். அப்புறம் இரும்புக் குண்டு ஒன்று பழைய கட்டடங்களை இடித்துத் தள்ளுகிறது. விழாப் படத்தை இப்படித் தொடங்க துணிச்சல் வேண்டும். ஜோதி ஹிரோஷிமா வழியாகப் போகிறது. அரங்கத்தில் அதை ஏற்றிய யோஷினோரி சகாய், அணுகுண்டு விழுந்த அதே நாளில் ஹிரோஷிமா மாவட்டத்தில் பிறந்தவர்.

இச்சிகாவாவுக்கு யார் ஜெயித்தார் என்பதைவிட, ஜெயிப்பதற்கு முன்னால் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் கண். குண்டெறிகிற ஒருவர் குண்டைக் கழுத்தோடு வைத்துத் தேய்க்கிறார், எடுக்கிறார், மறுபடி வைக்கிறார். எறியவே மாட்டாரோ என்று தோன்றிவிடுகிறது. மைதானத்தில் நான் வருடக்கணக்காகப் பார்த்த பிள்ளைகளும் இதே மாதிரிதான். பனியனை இழுத்துவிடுவார்கள், லேஸைக் கட்டி அவிழ்த்துக் கட்டுவார்கள். கோலூன்றித் தாண்டுதல் ஒன்பது மணி நேரம் இழுத்து இரவாகிவிடுகிறது. மழையில் நடைப்பந்தயம் போகிறவர்களின் இடுப்பாட்டத்தை மனிதர் குறும்போடு காட்டுகிறார், ஆனால் கேலியாகத் தெரியவில்லை.

100 மீட்டரில் தங்கம் வென்ற அமெரிக்காவின் பாப் ஹேய்ஸ் ஓடியது முதல் லேனில். நடைப்பந்தயக்காரர்கள் மிதித்துக் குதறிய கரித்தூள் தரை அது. அதில் 10.0 நொடி! படம் இதை விளக்காது, தெரிந்துகொண்டு பார்த்தால் வயிற்றில் என்னவோ செய்கிறது.

என்னை உட்கார வைத்தவர் அஹமத் ஈசா. சாட் நாட்டுக்காரர், 800 மீட்டர். என் பந்தயம்! 1960-ல் விடுதலை பெற்ற நாடு, அதாவது ஓட்டக்காரரைவிட நாட்டுக்கு வயது குறைவு. ஒலிம்பிக் கிராமத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில் அவர் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறார். அரையிறுதியோடு சரி. தங்கம் நியூசிலாந்தின் பீட்டர் ஸ்னெல்லுக்கு. அரையிறுதியில் கழன்றவனுக்கு எந்தப் படத்தில் இத்தனை நிமிடம் கொடுத்திருக்கிறார்கள்?

கடைசியில் மராத்தான். தண்ணீர் மேஜையில் சிலர் நின்று, ஒரு டம்ளர் போதாமல் இன்னொன்றும் குடிக்கிறார்கள். தங்கம் வென்ற எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா மட்டும் நிற்கவில்லை. முகத்தை மிக அருகில், மிக மெதுவாகக் காட்டுகிறார்கள். தாடையிலிருந்து வியர்வை சொட்டுவது தெரிகிறது, முகத்தில் ஒரு சலனமும் இல்லை. குடல்வால் அறுவை நடந்து ஆறு வாரம்கூட ஆகாத உடம்பு அது. இரண்டாவதாக அரங்கத்துக்குள் வந்த கோகிச்சி சுபுராயாவை, அத்தனை ஜப்பானியர்களின் கண் முன்னாலேயே இங்கிலாந்தின் பேசில் ஹீட்லி தாண்டிவிடுகிறார். அந்த இடத்தில் டீயை ஆறவிட்டுவிட்டேன்.

குறை இல்லாமல் இல்லை. நடுப்பகுதியில் சில போட்டிகள் ஒப்புக்கு வந்துபோகின்றன, முதல் ராத்திரி அங்கேதான் கண் அசந்தது. புள்ளிவிவரம் தேடுகிறவர்களுக்கு இதில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. அன்றைய ஒலிம்பிக் மந்திரி இச்சிரோ கோனோ, இது பதிவா கலையா என்று எரிச்சல்பட்டார். பாதி நியாயம்தான், பதிவுக்குத்தானே பணம் கொடுத்தார்கள். ஆனால் ஜனங்கள் தியேட்டரை நிரப்பிவிட்டார்கள்.

அமெரிக்காவில் இதை 93 நிமிடமாக வெட்டியும் ஒரு வடிவம் வந்தது, அதைத் தொட வேண்டாம். முழுப் படத்தை ஹெட்போன் போட்டுப் பாருங்கள். ஸ்பைக்ஸ், அதாவது ஆணி வைத்த ஓட்டக் காலணி, தரையில் விழுகிற சத்தமும் மூச்சிரைப்பும் டிவி ஸ்பீக்கரில் பாதிகூடக் கேட்கவில்லை. ஈசா சாப்பிடுகிற இடத்தை நான் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். "இன்னும் முடியலையா?" என்று உள்ளே இருந்து வீட்டுக்காரி கேட்டாள்.