எதிர்வெயிலில் எடுத்த விளையாட்டுப் படங்கள்: லைட்ரூமில் நான் தொடுவதும் தொடாததும்

மலேசியாவின் பினாங்கில் சாயங்காலத் திடல்களில் காற்பந்து, கபடி, செப்பாக் தக்ராவ் (கையால் தொடாமல் பந்தை வலைக்கு மேல் உதைக்கும் ஆட்டம்) ஆடும் நம் பையன்களைப் படமெடுத்து அடோபியின் படத்திருத்த மென்பொருளான லைட்ரூம் கிளாசிக்கில் திருத்துவதுதான் பல வருஷமாக என் பொழுதுபோக்கு. அதிலும் சூரியனை ஆளுக்குப் பின்னால் வைத்து எடுப்பதுதான் அதிகம். தலைமுடி ஓரத்திலும் தோளிலும் பொன்கோடு விழும், வியர்வை மின்னும், எல்லாம் அழகுதான். ஆனால் கணினியில் திறந்தால் முகம் இருட்டாக, ஜெர்சி வெளுத்துப்போய், மொத்தப் படமும் பால் ஊற்றின மாதிரி மங்கிக் கிடக்கும். உடனே எல்லாருக்கும் கை போவது நிறத்தின் அடர்த்தியைக் கூட்டும் வைப்ரன்ஸ், சாச்சுரேஷன் ஸ்லைடர்கள் பக்கம். இத்தனை காலம் பயன்படுத்திப் பார்த்ததில் என் கருத்து, எதிர்வெயில் படத்தில் அந்த இரண்டையும் கடைசியில்தான் தொட வேண்டும், பாதிப் படங்களுக்குத் தொடவே வேண்டாம்.

ஏன் என்றால், எதிரே நிற்கும் வெயில் லென்ஸுக்குள் சிதறி படம் முழுக்க ஒரு மெல்லிய வெளிச்சத்தைச் சேர்த்துவிடுகிறது. வானத்தில் அது தெரியாது, நிழலில்தான் தெரியும். கறுப்பு சாம்பலாகும். சிவப்பு ஜெர்சியின் மடிப்புகளில் பச்சையும் நீலமும் கூடவே ஏறிக்கொள்வதால் சிவப்பு வெளிறும். நிறம் உள்ளே பத்திரமாகத்தான் இருக்கிறது, மேலே ஒரு வெள்ளொளி படிந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த நிலையில் சாச்சுரேஷனைக் கூட்டினால் படிந்த வெளிச்சமும் சேர்ந்து சாயம் பிடிக்கும். அதனால் நான் முதலில் ஆளை மட்டும் மாஸ்க் செய்து (திருத்தம் அந்தப் பகுதிக்கு மட்டும் போகும்படி தேர்ந்தெடுத்து) கறுப்பின் ஆழத்தை மாற்றும் பிளாக்ஸை இறக்குகிறேன், -15லிருந்து -25 வரை. அதற்குப் பிறகுதான் அதே மாஸ்க்கில் மொத்த வெளிச்சத்தை மாற்றும் எக்ஸ்போஷரை ஏற்றுவது, +0.7லிருந்து +1.2க்குள். இந்த வரிசையில் செய்தாலே ஜெர்சி நிறம் தானாகத் திரும்பி வந்துவிடும். நிழல்பகுதியை வெளிச்சமாக்கும் ஷேடோஸ் ஸ்லைடரைப் படம் முழுவதற்கும் +80 என்று இழுத்துவிட்டு அப்புறம் நிறத்தைத் தேடினால் கிடைக்காது.

ஆளைத் தானாகத் தேர்ந்தெடுக்கும் வசதி 2021 அக்டோபரில் கிளாசிக்கில் வந்தது. அதற்கு முன் பிரஷ்ஷால் ஓரம் ஓரமாகத் தடவிக்கொண்டிருந்தோம், ஓர் ஆட்டத்தின் படங்களை முடிக்க ஒரு வாரம் ஆகும். 2022ல் முகத்தோல், உடல்தோல், முடி, உடை என்று தனித்தனியாகப் பிரிக்கும் வசதியும் சேர்ந்த பிறகு என் வேலைமுறையே மாறிவிட்டது. ஆனால் எதிர்வெயிலில் இந்த மாஸ்க்கை அப்படியே நம்ப முடியாது. அது ஆளை முழுசாகப் பிடிக்கும், முடியோரத்துப் பொன்கோட்டையும் சேர்த்துத்தான். எக்ஸ்போஷரை ஏற்றினால் ஏற்கெனவே பிரகாசமாக இருக்கும் அந்தக் கோடு வெந்து வெள்ளையாகிவிடும், பார்த்தவுடனே வெட்டி ஒட்டிய படம் என்று தெரியும். இதற்கு வழி, ஆள் மாஸ்க்கின் மேல் இன்டர்செக்ட் (இரண்டு தேர்வுக்கும் பொதுவான இடத்தை மட்டும் வைத்துக்கொள்வது) கொடுத்து, வெளிச்ச அளவின்படி தேர்ந்தெடுக்கும் லூமினன்ஸ் ரேஞ்சைச் சேர்ப்பது. இருண்ட பகுதியும் நடுத்தர வெளிச்சமும் மட்டும் உள்ளே இருக்கும்படி வரம்பை வைத்து, மேல்முனையை நன்றாக அகலமாக மங்க விட்டால் முகம் எழும்பும், பொன்கோடு இருந்த இடத்திலேயே இருக்கும். இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது தோல். இங்கேதான் அதிகம் சொல்ல இருக்கிறது, ஏனென்றால் இணையத்தில் கிடைக்கும் பிரீசெட்களில் (ஒரே சொடுக்கில் போடும் தயார் அமைப்புகள்) பெரும்பாலானவை வெளிர்தோலை மனதில் வைத்துச் செய்தவை. நம் பையன்கள் வருஷம் முழுக்க வெயிலில் ஓடிக் கறுத்தவர்கள். அந்தத் தோலை நிழலிலிருந்து அளவுக்கு மீறி மேலே இழுத்தால் சாம்பல் பூத்துவிடும். அதற்கு ஒரு காரணம் நிழலின் ஒளிதான். முதுகுக்கு விழுவது அந்தி வெயில், 3500 கெல்வின் அளவில் மஞ்சளாக இருக்கும் (இந்த எண் கூடக் கூட வெளிச்சம் நீலமாகும்). முகத்துக்கு விழுவதோ எதிர்ப்பக்கத்து நீலவானத்தின் வெளிச்சம், 7000 கெல்வினுக்கும் மேலே. ஒரே படத்தில் இரண்டு வெளிச்சம் இருக்கும்போது ஒரே ஒயிட் பேலன்ஸ் (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் நிறச்சமன்) எப்படிப் போதும்? வெயிலுக்குத் தகுந்தபடி வைத்தால் முகம் நீலம் பாரிக்கும், முகத்துக்கு வைத்தால் வானம் ஆரஞ்சுச் சாயமாகிவிடும். பொதுவான ஒயிட் பேலன்ஸை நான் பின்னணிக்கு வைத்துவிட்டு, தோல் மாஸ்க்கில் மட்டும் நீலம்-மஞ்சளை மாற்றும் டெம்ப்பை +8லிருந்து +15 வரை கூட்டுகிறேன். புல்திடலாக இருந்தால் தாடைக்குக் கீழேயும் கழுத்திலும் பச்சை அடிக்கும், கீழேயிருந்து புல் திருப்பி அனுப்பும் வெளிச்சம் அது. பச்சை-மெஜந்தாவை மாற்றும் டின்ட்டை மெஜந்தா பக்கம் ஐந்தாறு நகர்த்தினால் போய்விடும். பத்து ஃபிரிங்கி கடற்கரை மணலில் எடுத்த படங்களுக்கு இது எதுவும் அவ்வளவாகத் தேவைப்படாது, மணல் நல்ல இளஞ்சூடான வெளிச்சத்தைத் தானே முகத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது.

கண்ணை மட்டும் நம்பாமல் ஹிஸ்டோகிராமுக்கு (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) கீழே வரும் சதவீத எண்களையும் பாருங்கள். கன்னத்தில் கர்சரை வைத்தால் சிவப்பு அதிகமாகவும் பச்சை நடுவிலும் நீலம் குறைவாகவும் இருக்க வேண்டும். நீலம் பச்சையை நெருங்கிவிட்டால் சாம்பல் பூக்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். எவ்வளவு வெளிச்சம் என்பது ஆளைப் பொறுத்தது, நம் கறுப்புத் தோலுக்கு நான் சிவப்பை 40 முதல் 50க்குள் நிறுத்திவிடுவேன், அதற்கு மேல் போனால் அது அந்தப் பையனின் நிறமே இல்லை. ஒரு தடவை ஒரு பையனின் அம்மா, "தம்பி, பிள்ளை ரொம்ப இருட்டாத் தெரியறான், கொஞ்சம் வெளுப்பாக்கிக் குடுங்க" என்று கேட்டார். முகத்தை வெளுக்காமல் பின்னணி வானத்தை மட்டும் அரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் இறக்கினால் வெளிச்சம் பாதியாகும்) இறக்கிக் கொடுத்தேன். இப்போதான் நல்லா இருக்கு என்று வாங்கிக்கொண்டார். அதற்கப்புறம் இந்தக் கோரிக்கை எப்போது வந்தாலும் நான் தொடுவது பின்னணியைத்தான்.

வியர்வையைத் தயவுசெய்து துடைக்காதீர்கள். கறுப்புத் தோலின் மேல் மின்னும் அந்தச் சின்னப் புள்ளிகள்தான் ஆட்டத்தின் சூட்டைக் காட்டுகின்றன. தோலின் நுணுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் டெக்ஸ்சரை மைனஸில் இழுத்தால் கல்யாண ஆல்பம் ஆகிவிடும். முன்கையிலும் கழுத்திலும் +10 கொடுத்துப் பாருங்கள்.

வைப்ரன்ஸ் பற்றி. அது மங்கலான நிறங்களை அதிகமாகத் தூக்கும், ஏற்கெனவே அடர்ந்ததைக் கொஞ்சமாகத்தான் தொடும், தோல்நிறத்தைப் பெரும்பாலும் விட்டுவைக்கும்படி செய்திருக்கிறார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் எதிர்வெயில் படத்தில் என்ன ஆகிறதென்றால் வானமும் புல்லும் ஏறிவிடும், தோல் மட்டும் அங்கேயே நிற்கும், பக்கத்தில் எல்லாம் பளபளக்க முகம் முன்னைவிடச் சோகையாகத் தெரியும். எனக்குப் பொதுவில் +8 போதும், சில நேரம் பூஜ்யம். ஜெர்சிக்கு, குறிப்பிட்ட ஒரு நிறத்தை மட்டும் மாற்றும் 2023ல் வந்த பாயின்ட் கலர் உதவுகிறது, அந்த ஒரு சிவப்பை மட்டும் தொட்டு அடர்த்தியைக் கூட்டாமல் ஒளிர்வை இறக்கினாலே நிறம் செழித்துவிடும். அடர்த்தியைக் கூட்டினால் சிவப்புச் சேனல் முட்டிக்கொண்டு துணியின் மடிப்பே காணாமல் போகும். ஒளிரும் மஞ்சள், பச்சை ஜெர்சிகளைத் திரைகளும் இணையமும் பொதுவாகப் பயன்படுத்தும் எஸ்ஆர்ஜிபி நிறவெளிக்குள் முழுசாக அடக்கவே முடியாது, அதோடு மல்லுக்கட்டாதீர்கள்.

மங்கலைக் குறைக்கும் டீஹேஸ் லைட்ரூமுக்கு வந்தது 2015ல், சுமத்ராவிலிருந்து புகைமூட்டம் வந்து பள்ளிக்கூடங்களையெல்லாம் மூடவைத்த அதே வருஷம். பெயரைப் பார்த்து நம் ஊருக்கென்றே செய்தார்களோ என்று தோன்றும். பினாங்குத் தீவின் கிழக்குக் கடலோரச் சாலையான கர்ப்பால் சிங் டிரைவில் காலையில் ஓடுபவர்களை எடுத்தால், சூரியன் கடலுக்கு அந்தப் பக்கம் பெருநிலத்துக்கு மேலே எழும்புவதால், ஈரக்காற்றும் சேர்ந்து எதிரே ஒரே வெண்திரையாக இருக்கும். அங்கே பின்னணிக்கு மட்டும் +10 கொடுக்கலாம். ஆளுக்குக் கொடுத்தால் நிழல் நீலமாகும், முகம் அழுக்குப்பிடித்த மாதிரி ஆகிவிடும். பின்னணிக்கும் அதற்கு மேல் போனால் சென்சாரில் ஒட்டியிருக்கும் தூசியெல்லாம் வானத்தில் வரிசையாக எட்டிப்பார்க்கும்.

எடுக்கும்போதே செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். ரா ஃபைல்தான் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு), பேச்சே இல்லை. வானம் வெந்துவிடாத அளவுக்கு எக்ஸ்போஷரை இறக்கி எடுங்கள், முகம் இரண்டு ஸ்டாப் கீழே போனாலும் இன்றைய முழுச்சட்டக சென்சார்களில் மீட்டுவிடலாம், வெந்த வானத்தை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. இறக்கி எடுத்ததில் இரைச்சல் வந்தால் அதை நீக்க 2023 ஏப்ரலில் வந்த டிநாய்ஸ் இருக்கிறது, ஆனால் என் பழைய மடிக்கணினியில் அது ஒரு படத்தை முடிப்பதற்குள் ஒரு தே தாரிக் (நுரைக்க ஆற்றிய பால் தேநீர்) குடித்துவிட்டு வரலாம். எல்லாப் படத்துக்கும் ஓடவிடாதீர்கள், தேர்ந்தெடுத்ததற்கு மட்டும் போதும்.

இன்னொன்று, நம் ஊரில் பொன்வெளிச்சம் ரொம்பக் குறைச்சல். பூமத்தியரேகைக்குப் பக்கத்தில் சூரியன் கிட்டத்தட்ட செங்குத்தாக இறங்குகிறது, மணிக்கு 15 பாகை. கடைசி 6 பாகையைக் கடக்க 25 நிமிடம்கூட ஆகாது. ஏழே கால் வாக்கில் மறைகிறது என்றால் ஆறரைக்குக்கூட அது இன்னும் மேலேதான் நிற்கிறது, வெளிச்சமும் கடுமையாகவே இருக்கிறது. ஐரோப்பியக் காணொளிகளில் ஒன்றரை மணி நேரம் நிதானமாக எடுப்பதைப் பார்த்துவிட்டு ஏங்க வேண்டாம். ஆட்டத்தை முன்னாடி எடுத்து முடியுங்கள், உருவப்படத்துக்கு மட்டும் அந்த 25 நிமிடத்தை ஒதுக்குங்கள், ஆளைக் கட்டடத்தின் நிழல் விளிம்பில் நிறுத்துங்கள். ஜார்ஜ் டவுனின் படாங் கோத்தா லாமா திடலில் மேற்குப் பக்கம் இருக்கும் 1903ஆம் வருஷத்து மாநகர் மன்றக் கட்டடம் இதற்குத் தோதானது. எதிரே வெள்ளை ஜெர்சி போட்ட இரண்டு பேரை நிறுத்தினால் பிரதிபலிப்புப் பலகை கொண்டுபோக வேண்டிய அவசியமும் இல்லை.

லைட்ரூமுக்கு மாதச் சந்தா கட்ட வேண்டும், அது யோசிக்க வேண்டிய செலவுதான். எப்போதாவது எடுப்பவர்களுக்கு டார்க்டேபிள் என்ற மென்பொருள் இலவசம், ஒளிர்வின்படி மாஸ்க் செய்யும் வேலை அதிலும் நன்றாகவே நடக்கும், பழகத்தான் நாள் பிடிக்கும். வாரா வாரம் ஒரு குழுவின் படங்களை மொத்தமாக முடிக்க வேண்டியவர்களுக்குச் சந்தா நியாயம் என்பேன், காரணம் ஒரு படத்தில் செய்த மாஸ்க்கை மற்றப் படங்களுக்கு ஒட்டும்போது அது அந்தந்தப் படத்தின் ஆளை மறுபடி தேடிப் பிடித்துக்கொள்கிறது.

தக்ராவ் படங்களுக்கு மட்டும் இதில் எதையும் நான் செய்வதில்லை. காலைத் தலைக்கு மேல் வீசிப் பந்தை அடிக்கும் அந்த உடம்பின் வடிவமே போதும், முகம் யாருக்கு வேண்டும்? ஷேடோஸை -30க்கு இறக்கி, வானத்துக்கு ஏற்ற ஒயிட் பேலன்ஸ் வைத்து, இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுகிறேன்.