ஷூ கம்பெனி நெட்வொர்க்கில் ஏசிஎல்: 2019 முதல் வைத்துப் பார்த்த அனுபவம்

ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு ஷூ கம்பெனியின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கீழே கட்டிங், ஸ்டிச்சிங், லாஸ்டிங், மாடியில் ஆபீஸ். வேலூரிலிருந்து ராணிப்பேட்டை தனி மாவட்டமாகப் பிரிந்த 2019-இல்தான் இங்கே நெட்வொர்க்கை வீலான்களாக, அதாவது ஒரே சுவிட்சுக்குள் தனித்தனி நெட்வொர்க்குகளாகப் பிரித்து, நடுவே ஆக்சஸ் கண்ட்ரோல் லிஸ்ட் (ஏசிஎல்) போட்டோம். எந்த பாக்கெட் எங்கே போகலாம், எது போகக் கூடாது என்று சொல்லும் விதிப் பட்டியல் அது. வரிகள் மாறியிருக்கின்றன, ஏற்பாடு மாறவில்லை. ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் இதே அளவு கம்பெனிகளில் இருக்கும் நண்பர்கள் கேட்பது ஒன்றுதான்: தனியாக ஃபயர்வால் வாங்காமல் இது தாங்குமா? கம்பெனிக்குள் ஒரு பகுதியை இன்னொன்றிலிருந்து பிரித்து வைக்கத் தாராளமாகத் தாங்கும். இன்டர்நெட் வாசலுக்குப் போதாது. அங்கே எங்களுக்கும் தனி ஃபயர்வால்தான்.

சாதனம், சென்னை ரிச்சி தெருவில் பழையதாக வாங்கிய சிஸ்கோ 3560 சுவிட்ச். ஒரு வீலானிலிருந்து இன்னொன்றுக்கு பாக்கெட்டை அனுப்பும் ரவுட்டிங் அதிலேயே நடக்கும். ஆபீஸ் வீலான் 10, உற்பத்தி 20, கேமராவும் பயோமெட்ரிக்கும் 30, விருந்தினர் வைஃபை 40.

இவ்வளவும் செய்யக் காரணம் கட்டிங் ஹாலில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டர். தோல் வெட்டும் மெஷினை ஓட்டுவது அதுதான். அதில் இருப்பது விண்டோஸ் 7. மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியிலேயே அதற்கான ஆதரவை நிறுத்திவிட்டது. புதிய விண்டோஸில் மெஷினின் சாஃப்ட்வேர் ஓடாது. மெஷினை மாற்றுவதென்றால் பெரிய செலவு. 2017 மே மாதம் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை வைரஸ் பரவியது, விண்டோஸ் ஃபைல் பகிர்வுக்கான 445 போர்ட் (சேவைக்கான வாசல் எண்) வழியாக. அதே 445-இல்தான் இந்தக் கம்ப்யூட்டர் பேட்டர்ன் ஃபைலை சர்வரிலிருந்து எடுக்க வேண்டும். அதை மூடினால் வேலை நின்றுவிடும். எல்லோருக்கும் திறந்துவிட்டால் ஆபீஸில் யாரோ திறக்கும் ஒரு மெயில் அட்டாச்மென்ட் கட்டிங் ஹாலையே நிறுத்திவிடும். எனவே உற்பத்தி வீலானிலிருந்து அந்த ஒரு சர்வருக்கு, டிசிபி 445 மட்டும் பெர்மிட் (அனுமதி). கருவிகளுக்கு ஐபி முகவரி கொடுக்கும் டிஹெச்சிபி தவிர மற்ற எல்லாம் டெனை (தடை). ஆபீஸ் பக்கத்து லிஸ்டிலும், சர்வரின் பதில் தவிர உற்பத்திக்கு எதுவும் போகாது. மெஷின்காரர்கள் ரிமோட்டில் வர வேண்டுமென்றால் அந்த நேரத்துக்கு ஒரு வரி சேர்த்து, வேலை முடிந்ததும் எடுத்துவிடுகிறேன். இதிலும் ஒரு வழி திறந்தே இருக்கிறது என்பதால் சர்வரின் பேட்ச்சை ஒரு மாதமும் தள்ளிப்போட விடுவதில்லை.

லிஸ்ட் எழுதும் முறை பலருக்கும் தெரிந்ததே. மேலிருந்து கீழாகப் படிக்கும், முதலில் பொருந்தும் வரியோடு நின்றுவிடும், கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு டெனை உண்டு. மைக்ரோடிக் ரவுட்டர் வைத்திருப்பவர்கள் மட்டும் கவனிக்கவும்: அங்கே எந்த விதியிலும் பொருந்தாத பாக்கெட் தானாகவே உள்ளே போய்விடும். மற்றதையெல்லாம் தடுக்கும் கடைசி டிராப் விதியை நீங்களே எழுத வேண்டும்.

விருந்தினர் வைஃபை லிஸ்டைச் சொன்னால் வரிசையின் முக்கியம் புரியும். வெளிநாட்டு பையர்கள், இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருபவர்கள் எல்லோரும் அதில்தான் இருப்பார்கள். முதல் வரி டிஹெச்சிபிக்கு: போர்ட் 68-இலிருந்து 67-க்குப் போகும் யூடிபி. இது இல்லாவிட்டால் போனுக்கு ஐபியே கிடைக்காது. மற்ற வரிகள் எவ்வளவு சரியாக இருந்தும் பயனில்லை. இரண்டாவது, தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் எங்கள் டிஎன்எஸ் சர்வருக்குப் போர்ட் 53, யூடிபியும் டிசிபியும். அதற்கும் கீழே 10.0.0.0, 172.16.0.0, 192.168.0.0 என்று மூன்று தனியார் முகவரித் தொகுதிகளுக்கும் டெனை. கடைசியில் பெர்மிட் ஐபி எனி எனி, அதாவது மிச்சமெல்லாம் போகலாம். டிஎன்எஸ் சர்வரும் 192.168-க்குள்தான் இருக்கிறது. ஆகவே அந்த டெனை ஒரு படி மேலே ஏறினாலும் வைஃபை இருக்கும், எந்த வெப் பக்கமும் திறக்காது. இந்த லிஸ்டை நான் தொட்டதே மிகக் குறைவு.

அதிகம் தொட வேண்டியிருந்தது பயோமெட்ரிக் வரிகளை. பழைய கருவியில், ஹெச்ஆர் சர்வர்தான் 4370 போர்ட்டில் கருவியைக் கூப்பிட்டுப் பதிவுகளை எடுக்கும். ஏசிஎல் எதையும் நினைவில் வைக்காது. யார் முதலில் பேசினார்கள் என்பது அதற்குத் தெரியாது, ஒவ்வொரு பாக்கெட்டும் புதிய பாக்கெட்தான். அதனால் பதில் திரும்பி வரவும் தனி வரி வேண்டும்: கருவியின் 4370-இலிருந்து சர்வருக்கு, எஸ்டாப்ளிஷ்டு. அந்தச் சொல் பார்ப்பது, பாக்கெட்டில் டிசிபியின் ஏசிகே அல்லது ஆர்எஸ்டி பிட் (ஏற்கெனவே தொடங்கிய பேச்சைக் காட்டும் அடையாளங்கள்) இருக்கிறதா என்பதை மட்டுமே. ஃபயர்வால் வைத்திருக்கும் நினைவோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

பிறகு கருவி சப்ளை செய்பவர்கள் பழையதை எடுத்துவிட்டுப் புதியது மாட்டிப் போனார்கள். மாட்டியதோடு சரி, ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை ஹெச்ஆர் அக்கா போன் செய்தார்: "தம்பி, கை வச்சா பீப் சத்தம் வருது, ஆனா கம்ப்யூட்டர்ல ஒண்ணுமே வரல. ஸ்டிச்சிங் பொண்ணுங்க பாதி பேருக்கு ஆப்சென்ட் காட்டுது. இன்னான்னு பாரு." புதிய கருவி, தானே சர்வரைத் தேடிப் போய்ப் பதிவைத் தள்ளும் வகை. பேச்சின் திசையே மாறிவிட்டது. லிஸ்டோ பழைய திசைக்கு எழுதியது. கடைசியிலிருந்த டெனை வரியில் லாக் சேர்த்ததும், கருவி எந்தப் போர்ட்டைத் தட்டுகிறது என்று தெரிந்தது. ஒரு பெர்மிட் வரி, வேலை முடிந்தது. ஆனால் ஒரு ஆப்சென்ட் என்றால் அந்தப் பெண்ணின் ஒரு நாள் கூலி. அதனால் எந்தக் கருவி மாறினாலும் எனக்குத் தெரியாமல் கேபிள் சொருகக் கூடாது என்று மேனேஜர் பாயிடம் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருக்கிறேன். அவரும் அதை விடாமல் பார்த்துக்கொள்கிறார்.

லாக் எப்போதும் வைத்திருப்பதில்லை. லாக் ஆகும் பாக்கெட் சிபியூ வரை போகும். காரணம் தெரிந்ததும் எடுத்துவிட வேண்டும். இன்னொன்று, இந்த வகை சுவிட்சில் ஹார்டுவேரே தடுக்கும் பாக்கெட்டுகள் "ஷோ ஐபி அக்சஸ்-லிஸ்ட்ஸ்" எண்ணிக்கையில் சேராது. பூஜ்யம் காட்டுகிறது என்று வரியை நீக்கிவிடாதீர்கள். "ஷோ அக்சஸ்-லிஸ்ட்ஸ் ஹார்டுவேர் கவுண்டர்ஸ்" தனியாக இருக்கிறது. அதுவும் மொத்தக் கணக்குத்தான், வரிவாரியாக வராது. ஒவ்வொரு வரிக்கும் மேலே ரிமார்க் எழுதுகிறேன்: யார் கேட்டது, எதற்கு, எந்த மாதம். நூறு எழுத்துக்குள் அடக்க வேண்டும். இத்தனை ஆண்டில் எனக்கு அதிகம் உதவியது இந்த ரிமார்க்தான் என்று தயங்காமல் சொல்வேன்.

ஐபிஎல் சமயத்தில் வீடியோ தளங்களை மூடச் சொல்வார்கள். அதற்கு ஏசிஎல் ஏற்றதல்ல. பெரிய தளங்களின் முகவரிகள் மாறிக்கொண்டே இருக்கும், ஒரே முகவரியில் பல சேவைகள் இருக்கும். ஒன்றை மூடினால் பையரின் ஆர்டர் போர்ட்டலும் சேர்ந்து நின்றுபோகலாம். டிஎன்எஸ் ஃபில்டரில் செய்வதே சரி. அதேபோல் ஒரே வீலானுக்குள் இரண்டு கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்வதை ரவுட்டிங் இடத்தில் போட்ட லிஸ்ட் பார்க்கவே பார்க்காது. கட்டிங் ஹாலில் அதற்காக சுவிட்சில் கேபிள் சொருகும் போர்ட்டுகளை, ஒன்றோடொன்று பேச முடியாதபடி "புரொடெக்டட்" ஆக்கியிருக்கிறேன்.

நேரம் பார்த்துத் திறக்கும் டைம்-ரேஞ்ச் வைப்பவர்கள், நெட்வொர்க் வழியாகக் கடிகாரத்தைச் சரிசெய்யும் என்டிபி சரியாக இருக்கிறதா என்று பார்க்கவும். கரண்ட் போய் வந்தால் இந்த சுவிட்சின் கடிகாரம் 1993 மார்ச் 1-இல் தொடங்கும். ரிமோட்டில் லிஸ்டை மாற்றும் முன் "ரீலோட் இன் 10" (பத்து நிமிடத்தில் மறுதொடக்கம்) கொடுத்துவிடுங்கள். கனெக்‌ஷன் அறுந்தால், சேவ் செய்யாத மாற்றத்தை மறந்து சுவிட்ச் தானே பழையபடி எழுந்துவிடும். நடுராத்திரியில் சத்துவாச்சாரியிலிருந்து பாலாற்றுப் பாலம் தாண்டி ஓட வேண்டியதில்லை. எல்லாம் சரியென்றால் "ரீலோட் கேன்சல்", பிறகு சேவ்.

அடுத்த வேலை, ஐபி முகவரியின் புதிய வகையான ஐபிவி6. இதுவரை சொன்னதெல்லாம் பழைய வகையான ஐபிவி4-க்கு. ஐபிவி4-க்கு எழுதிய லிஸ்ட் எதுவும் ஐபிவி6 பாக்கெட்டைத் தொடாது. அதற்குத் தனி லிஸ்ட் எழுதி முடிக்கும்வரை உள் வீலான்களில் ஐபிவி6 ரவுட்டிங்கை நான் இயக்கப்போவதில்லை.