எங்கள் தொடர்மாடியின் தீப்பாதுகாப்புத் திருத்த வேலை: ஒரு தச்சனின் மதிப்பெண்

ஐந்துக்கு மூன்று. அந்த மூன்றும் வேலையாட்களுக்கு. கடிதம் எழுதியவர்களுக்கு அதில் பங்கில்லை.

கிழக்கு லண்டன், ஆறு மாடி, 58 வீடு, 2013-இல் கட்டியது. ஒரு வீடமைப்புச் சங்கத்தின் கட்டடம். பாதி வீடுகள் குறைந்த வாடகைக்கு, மீதி 'ஷெயர்ட் ஓனர்ஷிப்'. நான்காம் மாடியில் எங்கள் வீடு. அதில் 40 விழுக்காடு எங்களுடையது. மிச்சத்துக்கு வாடகை கட்டுகிறோம். சாவி வாங்கிய அன்று விற்பனைப் பெண் "இது உங்கள் முதல் படி" என்றார். என் மனைவி வலது காலை எடுத்துவைத்து உள்ளே போனாள். அடுத்த படி எங்கே என்று இன்னமும் தேடுகிறோம்.

நான் தச்சன். சாவகச்சேரியில் அப்பாவின் பட்டறையில் சீவுளி பிடிக்கக் கற்றேன். 1991-இல் இங்கே வந்து, கதவு, நிலை, படிக்கட்டு என்று முப்பது ஆண்டு வேலை செய்து ஓய்ந்தவன். ஆகவே இந்த மதிப்பீடு கதவு வரும் இடத்தில் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2017 ஜூன் 14-க்கு முன் நாங்கள் யாரும் எங்கள் சுவரைத் திரும்பிப் பார்த்ததில்லை. அன்று லண்டனிலேயே இருந்த கிரென்ஃபெல் டவர் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் தீப்பிடித்து 72 உயிர் போனது. அங்கும் நெருப்பு தொடங்கியது நான்காம் மாடியில்தான், ஒரு குளிர்சாதனப் பெட்டியில். நள்ளிரவு 12:54-க்கு முதல் அழைப்பு. 1:30-க்குள் தீ வெளிச்சுவர்ப் பலகை வழியே ஏறிக் கட்டடத்தின் உச்சியைத் தொட்டுவிட்டது. "வீட்டுக்குள்ளேயே இருங்கள்" என்ற அறிவுரையை 2:47-க்குத்தான் கைவிட்டார்கள். எங்கள் கீழ்வாசலிலும் அதே அறிவுரை சட்டம் போட்டு மாட்டியிருந்தது. இத்தனை நாள் அதற்குப் பக்கத்தில் நின்றுதான் லிஃப்டுக்குக் காத்திருந்தேன்.

2020 நவம்பரில் எங்களுக்குக் கடிதம் வந்தது. கட்டடத்தின் வெளிச்சுவரைப் பரிசோதித்ததாகவும், இ.டபிள்யூ.எஸ் 1 என்ற வெளிச்சுவர்த் தீ மதிப்பீட்டுப் படிவத்தில் 'பி2' கிடைத்ததாகவும் எழுதியிருந்தது. பி2 என்றால் திருத்த வேலை கட்டாயம். அப்போதெல்லாம் திருத்தும்வரை வங்கிகள் பெரும்பாலும் கடன் கொடுக்கவில்லை, ஆகவே வாங்க ஆளும் வரவில்லை. இரண்டாம் மாடித் தம்பதிக்கு அப்போது இரண்டாவது குழந்தை பிறந்திருந்தது. நான்கு பேரும் ஒற்றைப் படுக்கையறையில் ஆண்டுக்கணக்கில் இருந்தார்கள்.

கடிதத்தின் கடைசிப் பத்தியில் ஒரு வரி: இன்றிரவு முதல் 'வேக்கிங் வாட்ச்'. இரவு பகலாகக் காவலாட்கள் மாடி மாடியாகச் சுற்றுவார்கள். புகை கண்டால் கையிலுள்ள ஹாரனை ஊதுவார்கள்; எல்லோரும் உடனே இறங்க வேண்டும். எங்கள் பக்கத்து இரவுக் காவலர் திருச்சியிலிருந்து படிக்க வந்த பையன். நடுச்சாமத்தில் படிக்கட்டில் இருந்து பாடம் படிப்பான். மனைவி தேநீர் கொடுக்கப் போய், "தம்பி, இதை ஊதினால் எங்கள் அறைவரை கேட்குமா?" என்று கேட்டாள். "தெரியவில்லை அங்கிள், ஊதிப் பார்க்க எங்களுக்கு அனுமதி இல்லை" என்று அவன் என்னைப் பார்த்துப் பதில் சொன்னான். அந்தக் காவலுக்கு எங்கள் சேவைக் கட்டணத்தில் மாதம் 62 பவுண்ட் ஏறியது. ஒன்பது மாதம் கழித்து ஒவ்வொரு வீட்டிலும் வெப்பமறியும் கருவியும் சைரனும் பொருத்தினார்கள், காவல் நின்றது. சைரன் கேட்கிறது. மூன்றாம் மாடியில் யாரோ அப்பளம் பொரித்த அன்றே அது உறுதியாகிவிட்டது.

இனிக் கதவு.

வீட்டு வாசல் கதவு அரை மணி நேரம் தீயைத் தாங்க வேண்டும். பலகை 44 மில்லிமீட்டர் தடிப்பு, மூன்று பிணைச்சல் (கீல்). விளிம்பைச் சுற்றிச் சூட்டில் உப்பி இடைவெளியை அடைக்கும் பட்டை. அதோடு புகையை மறிக்கும் தூரிகை. நிலைக்கும் கதவுக்கும் நடுவே 3 மில்லிமீட்டர். 4-ஐத் தாண்டினால் அந்தப் பட்டை உப்பியும் பயனில்லாமல் போகலாம். எந்தக் கோணத்தில் கைவிட்டாலும் கதவு தானாக வந்து தாழ்ப்பாளில் விழ வேண்டும். கிரென்ஃபெல்லில் பல வீடுகளில் கதவைத் தானாகச் சாத்தும் அந்தக் கருவி இல்லை, அல்லது வேலை செய்யவில்லை. அங்கிருந்து எடுத்த ஒரு கதவைப் பிறகு சோதித்தபோது, அரை மணி தாங்க வேண்டியது கால் மணியில் விட்டுக்கொடுத்தது.

எங்களுக்கு 2021-இல் முதலில் வந்த குழு ஒரு நாளைக்கு எட்டுக் கதவு மாட்டியது. ஒழுங்காக மாட்டினால் இரண்டு பேர் சேர்ந்து மூன்று மாட்டலாம், நல்ல நாளாக இருந்தால் நான்கு. எட்டு என்றதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவர்கள் போனபின் நிலையின் மூடுபட்டையைக் கழற்றிப் பார்த்தேன். சுவருக்கும் நிலைக்கும் இடையே இரண்டு விரல் அகலத்துக்கு இளஞ்சிவப்பு நுரை, கேக்குக்குப் பூசிய ஐசிங்போல. கதவின் கீழ்ப்பக்கத்தைத் தேவைக்கு மேல் சீவியிருந்தார்கள். என் சுண்டுவிரல் தாராளமாக உள்ளே போனது. சங்கத்துக்கு எழுதிப் போட்டேன். "தகுதிபெற்ற நிறுவனம் செய்த வேலை" என்று பதில் வந்தது. தகுதி அந்த நிறுவனத்திடம் இருந்தது, என் சுண்டுவிரலும் அந்த இடைவெளியில் இருந்தது.

2023 ஜனவரி 23 முதல் இங்கிலாந்தில் 11 மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்புகளில் பொதுவழிக் கதவுகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், வீட்டு வாசல் கதவுகளை ஆண்டுக்கு ஒருமுறையும் சோதிக்க வேண்டும் என்று விதி வந்தது. அந்த முதல் சோதனையிலேயே எங்கள் 58 கதவுகளில் 41 தவறின. அந்த எண்ணைக் கேட்டு எனக்கு வந்த மகிழ்ச்சியை மனைவி ரசிக்கவில்லை.

இரண்டாவதாக வந்தவர்கள் ருமேனியாக்காரர் இருவர். மூத்தவருக்கு என் வயது இருக்கும். பழைய நுரையை முழுதும் சுரண்டி எடுத்து, தீப்பிடிக்காத கற்பஞ்சான ராக்வூலை இறுக்கித் திணித்து, மேலே தீத்தடுப்புப் பசை பூசினார். கதவை மாட்டியபின் மேலே, நடுவே, கீழே என்று இடைவெளி அளக்கும் தகட்டைச் செருகிப் பார்த்தார். ஓரிடத்தில் ஐந்து வந்தது. முகத்தைச் சுளித்து, பிணைச்சலைக் கழற்றி, குழியை உளியால் ஒரு முடியளவு ஆழமாக்கினார். அவருக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான் வரும். நான் "மூன்று" என்று விரல் காட்டினேன். அவர் தகட்டைக் காட்டினார். என் மதிப்பெண்ணில் பெரும்பகுதி அந்த மனிதருக்குப் போகிறது.

கிளாடிங், அதாவது வெளிச்சுவரைப் போர்த்தும் பலகை, அதை மாற்றும் வேலைக்கு 2023 மார்ச் முதல் 2024 ஒக்டோபர்வரை சாரமும் வலையும் கட்டடத்தை மூடியிருந்தன. வெயில் காலத்தில் சன்னல் திறக்க முடியவில்லை, பகலிலும் விளக்கு. அதைப் பற்றிக் குறைசொல்ல மாட்டேன். நானும் பிறர் வீட்டுச் சன்னலுக்கு முன் சாரம் கட்டி வாழ்ந்தவன்.

ஆனால் பலகையைக் கழற்றியதும் வெளிப்பட்டது வேறொரு சங்கதி. வெளிப்பலகைக்கும் சுவருக்கும் நடுவே காற்று போக ஒரு வெற்றிடம் விடுவார்கள். தீ அதற்குள் புகுந்தால் அது புகைபோக்கிபோல இழுத்துக்கொண்டு மேலே ஏறும். அதை மறிக்கத்தான் மாடிக்கு மாடியும் சன்னலைச் சுற்றியும் தடுப்பு வைக்க வேண்டும். எங்கள் கட்டடத்தின் வரைபடத்தில் தடுப்பு இருந்தது. சுவரில் பாதி இடத்தில் இல்லை. பலகையை மட்டும் மாற்றிவிட்டுப் போயிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

அதனால் இப்படிப்பட்ட வேலை நடக்கும் கட்டடத்தில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: மூடுவதற்கு முன் படம் கேளுங்கள். சான்றிதழ் பிறகு வரும். அது மூடிய சுவரைப் பார்த்து எழுதியதாகவும் இருக்கலாம். என் வீட்டின் நான்கு சன்னலுக்கும் தேதியோடு படம் வேண்டும் என்று மேற்பார்வையாளரிடம் கேட்டேன். அலுவலகத்தில் கேட்கச் சொன்னார். அலுவலகம் அவரிடம் கேட்கச் சொன்னது. மூன்றாம் வாரம் அவரே கைப்பேசியில் காட்டினார். படுக்கையறைச் சன்னலின் இடது மேல்மூலையில் தடுப்பு ஒரு சாண் குட்டையாக நின்றிருந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை பலகையைக் கழற்றும் சத்தம் கேட்டது. அன்றிலிருந்து எல்லா வீட்டுக்கும் படம் எடுத்தார்கள்.

செலவைப் பற்றி. முன்பு எங்களைப் போன்றவர்கள் 40 விழுக்காட்டுக்கு மட்டும் உரிமையாளர், ஆனால் திருத்தச் செலவில் வீட்டின் முழுப் பங்குக்கும் பொறுப்பாளி. 2022-இன் கட்டடப் பாதுகாப்புச் சட்டம் அதை மாற்றியது. கட்டடம் குறைந்தது 11 மீட்டர் உயரமாக அல்லது ஐந்து மாடியாக இருந்து, 2022 பெப்ரவரி 14 அன்று அது உங்கள் முதன்மை வீடாகவும் இருந்திருந்தால், ஆபத்தான கிளாடிங்குக்காக உங்களிடம் ஒரு பென்னிகூட வாங்க முடியாது. மற்றத் தீக்குறைகளுக்கும் உச்சவரம்பு உண்டு. பகுதி உரிமையாளருக்கு அது பங்கின் அளவுக்குக் குறையும். இதை விளக்கி எங்கள் சங்கம் ஒரு கடிதமும் போடவில்லை. மேல்மாடியில் இருக்கும் கானா நாட்டுத் தாதி, இரவுப் பணி முடிந்து வந்து, சட்டத்தை அச்சடித்து எல்லார் வீட்டுக் கதவிடுக்கிலும் செருகினார். புதுக்கதவில் அந்த இடுக்கு இல்லை. நல்லவேளை, அது முன்பே நடந்தது.

இப்போது படிவம் 'பி1', அதாவது திருத்த வேலை தேவையில்லை. இரண்டாம் மாடித் தம்பதி விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். பால்கனியின் மரப்பலகைக்குப் பதில் அலுமினியம் போட்டிருக்கிறார்கள். மழை பெய்தால் தகரக்கொட்டகைச் சத்தம். எனக்கு ஊர் ஞாபகம் வருகிறது, மனைவிக்குத் தலையிடி வருகிறது.

காவல் நின்று மூன்று ஆண்டுக்கு மேலாகியும் சேவைக் கட்டணப் பட்டியலில் 'தீக்காவல், 11 பவுண்ட்' என்று ஒரு வரி இருக்கிறது. முதல் நிலைப் புகாருக்கு, அது வேறு கட்டடத்தின் பட்டியலாக இருக்கலாம் என்று பதில் தந்தார்கள். பட்டியலில் எங்கள் வீட்டு எண் இருக்கிறது. இரண்டாம் நிலைப் புகார் கொடுத்தாயிற்று. அவர்களுக்குரிய 20 வேலைநாளில் இன்னும் ஆறு மிச்சம்.