மூன்று மாத ஃபைபர் டெக்னீசியன் பயிற்சி: கை பழகியது, கண் பழகவில்லை

கோவையில் ஒரு தனியார் நிலையம் நடத்தும் மூன்று மாத ஃபைபர் டெக்னீசியன் பயிற்சியை முடித்து, பதினான்கு மாதங்களாக ஓர் இணையச் சேவை நிறுவனத்தில் களப்பணி செய்துவருகிறேன். பயிற்சி முடிந்த வாரத்திலேயே எழுதியிருந்தால் ஐந்து நட்சத்திரமும் கொடுத்திருப்பேன். கம்பத்தடியில் மழையில் நின்று பழுது தேடிய பிறகு எழுதுவதால் மூன்றரைக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை. நிலையத்தின் பெயர் இங்கே தேவையில்லை. இந்தத் தொழிலுக்கு வர நினைப்பவர் பணம் கட்டுமுன் எதைப் பார்க்க வேண்டும் என்பதே முக்கியம்.

கட்டணம் 18,000 ரூபாய், வகுப்பு நாளொன்றுக்கு மூன்று மணி நேரம், எங்கள் குழுவில் பதினாறு பேர். தொலைபேசித் துறையில் செப்புக் கம்பிக் காலத்திலிருந்து பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவர்தான் பயிற்றுநர். முதல் இரண்டு மாதங்கள் முழுவதும் ஸ்பிளைசிங், அதாவது இரண்டு கண்ணாடி இழைகளை மின்பொறியில் உருக்கி ஒட்டும் வேலை மட்டுமே. அப்போது அது அலுப்பாக இருந்தது. இப்போது நினைத்தால் அந்தப் பயிற்சியின் முழு மதிப்பும் அங்கேதான் இருந்தது என்று தோன்றுகிறது. 250 மைக்ரான் தடிமனுள்ள இழையின் மேற்பூச்சை உரித்தால் உள்ளே 125 மைக்ரான் கண்ணாடி. அதன் நடுவே ஒளி ஓடும் பாதை சுமார் 9 மைக்ரான் மட்டுமே. உரித்த இழையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த தாளால் துடைக்கும்போது ‘கீச்’ என்று ஒலி வரும்வரை விடமாட்டார். க்ளீவர் என்னும் வெட்டுங்கருவியில் வெட்டிய முகம் ஒரு பாகைக்கு மேல் சாய்ந்திருந்தால் மறுபடியும் முதலிலிருந்து செய்ய வேண்டும். இயந்திரம் 0.02 டிபி (டெசிபெல், ஒளி இழப்பின் அலகு) இழப்பு என்று காட்டினாலும், “அது இயந்திரத்தின் மதிப்பீடுதான், அளவீடு அல்ல” என்று சொல்லித் திரையில் தெரியும் இணைப்பைக் கண்ணால் பார்க்கச் சொல்வார். எல்லாவற்றையும் கச்சிதமாகச் செய்து முடித்தபின், ஒட்டிய இடத்தை மூடும் பாதுகாப்புக் குழலை முன்கூட்டியே இழையில் கோக்க மறந்ததை உணர்ந்து தலையில் கைவைக்காதவர் எங்கள் குழுவில் ஒருவரும் இல்லை.

வெட்டி விழும் கண்ணாடித் துணுக்குகளை மூடியுள்ள ஒரு புட்டியில் போட்டு, வகுப்பு முடிந்ததும் வெட்டிய எண்ணிக்கையும் துணுக்குகளின் எண்ணிக்கையும் ஒத்துவருகின்றனவா என்று எண்ணவைப்பது அவருடைய வழக்கம். அந்த மேசையில் தேநீர்கூட வைக்கக் கூடாது. தோலில் ஏறிய துணுக்கைக் கண்ணால் தேடிக் கண்டுபிடிப்பது எத்தனை கடினம் என்பதை, அந்த வழக்கம் இல்லாத இடங்களில் வேலை பார்த்த சக ஊழியர்களிடம் கேட்டால் தெரியும். ஒளி ஓடும் இழையின் முனையைக் கண்ணுக்கு நேரே பிடிக்கக் கூடாது என்பதையும் அவர் நாள்தோறும் சொன்னார்; உள்ளே செல்வது அகச்சிவப்பு ஒளி, கண்ணுக்குத் தெரியாது, தெரியாததாலேயே ஆபத்து.

குறை எங்கே என்றால், பழுதைக் கண்டுபிடிக்கும் கல்வி கடைசி நான்கு நாட்களுக்குள் அடைக்கப்பட்டிருந்தது. ஒளித் துடிப்பை அனுப்பி, திரும்பிவரும் ஒளியைக் கொண்டு தூரத்தைக் கணிக்கும் ஓடிடிஆர் கருவி பதினாறு பேருக்கும் ஒன்றுதான். என் கையில் அது இருந்த நேரம் அரைமணிக்கும் குறைவு. வேலையில் சேர்ந்த இரண்டாவது வாரம் அதற்கான விலையைக் கொடுத்தேன். ஓர் அறுந்த கேபிளில் ஓடிடிஆர் 1,840 மீட்டர் என்று காட்டியது. நான் வண்டியின் ஓடோமீட்டரைப் பார்த்துக்கொண்டே 1.8 கிலோமீட்டரைத் தாண்டிப் போய், அங்கிருந்த கம்பங்களை ஒவ்வொன்றாக அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கருவி சொல்வது இழையின் நீளம். வழியில் கம்பங்களிலும் ஜாயிண்ட் பெட்டிகளிலும் சுருட்டி வைத்திருக்கும் உபரிக் கேபிள் எல்லாம் அந்தக் கணக்கில் அடக்கம் என்பதால், சாலையில் அளந்தால் அந்தத் தூரத்தை எட்டும் முன்பே பழுது வந்துவிடும். கேபிளின் உறையில் மீட்டருக்கு மீட்டர் அச்சிடப்பட்டிருக்கும் எண்களைப் படித்தால் போதும் என்று மூத்த ஊழியர் ஒருவர் பிறகு காட்டித் தந்தார். இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு வகுப்புகூட வேண்டாம், கால்மணி நேரம் போதும்.

டிபி கணக்கும் அப்படித்தான் விடுபட்டது. ஓர் இழையின் ஒளியைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஜிபான் வலையமைப்பில், சேவை நிறுவனத்தின் நிலையத்திலிருந்து ஒளியை அனுப்பும் ஓஎல்டி கருவியிலிருந்து +3 டிபிஎம் (ஒளியின் வலிமையைச் சொல்லும் அளவு) ஒளி புறப்படுகிறது என்று கொள்வோம். எட்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் ஒன்றில் ஏறக்குறைய 10.5 டிபி போகிறது. அடுத்தடுத்து இரண்டு இருந்தால் 21. ஐந்து கிலோமீட்டர் கேபிளுக்கும் இணைப்பு முனைகளுக்குமாக இன்னும் மூன்று. ஆக, வாடிக்கையாளர் வீட்டில் −21 டிபிஎம் அளவில் வரவேண்டும். −27க்குக் கீழே போனால் மோடம் தடுமாறும். இந்தக் கணக்கு மனத்தில் இருந்தால் −26 என்ற அளவைப் பார்த்ததும், இணைப்பு இப்போதைக்கு ஓடினாலும் எங்கோ ஐந்து டிபி வீணாகிறது என்று புரியும். இல்லாவிட்டால் ‘லைட் வருகிறது’ என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பி, மறுவாரம் அதே வீட்டுக்குத் திரும்ப வர நேரும். ஒளியின் வலிமையை அளக்கும் பவர் மீட்டரை, நிலையத்திலிருந்து வரும் ஒளியின் அலைநீளமான 1490 நானோமீட்டரில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதைக்கூட நான் வேலையில்தான் கற்றேன். கேபிள் எங்காவது மடங்கியிருந்தால் இழப்பு 1310 நானோமீட்டர் ஒளியில் குறைவாகவும் 1550இல் கூடுதலாகவும் தெரியும். இணைப்பே கோளாறு என்றால் இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவில் தெரியும். மருத்துவர் நாடி பிடிப்பதுபோல ஒரு டெக்னீசியனுக்கு அடிப்படையான இந்த அறிவு பாடக் குறிப்பேட்டில் ஒரு வரியாக இருந்ததே தவிர, ஒருமுறையும் செய்துகாட்டப்படவில்லை.

கம்பம் ஏறும் பயிற்சி அறவே இல்லை. இடுப்புவார், தலைக்கவசம் எதையும் நாங்கள் தொட்டுப் பார்க்கவில்லை. ஒரே கம்பத்தில் மின்கம்பியும் நம் கேபிளும் போகும் தெருக்கள் எத்தனை என்பதை நினைத்தால் இதை மன்னிக்க முடியவில்லை. ஓஎல்டி அமைப்பு, விலேன் (வலையமைப்பைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரிக்கும் முறை) போன்றவை இல்லாதது அந்த அளவுக்குப் பெரிய குறையல்ல. அவற்றை அலுவலகத்தில் உட்கார்ந்தே கற்கலாம்.

சான்றிதழைப் பற்றியும் சொல்ல வேண்டும். விளம்பரத்தில் ‘அங்கீகரிக்கப்பட்ட’ என்றிருந்தது. கைக்கு வந்தது நிலையமே அச்சடித்துக் கொடுத்த தாள். இத்துறைக்கு டெலிகாம் செக்டார் ஸ்கில் கவுன்சில் என்ற அமைப்பு இருக்கிறது. ஃபைபர் ஸ்பிளைசர், ஃபைபர் டெக்னீசியன் ஆகிய பணிகளுக்கு அது தரநிலை வகுத்திருக்கிறது. அந்தத் தேர்வை எழுதவைப்பார்களா என்று முதல் நாளே கேட்டிருக்க வேண்டும், நான் கேட்கவில்லை. நேர்காணலில் சான்றிதழை யாரும் விரித்துப் பார்க்கவில்லை என்பது வேறு விஷயம். ஒரு முழக் கேபிளையும் க்ளீவரையும் நீட்டி, இரண்டு இழைகளை ஒட்டச் சொன்னார்கள். முதல் முயற்சியிலேயே சரியாக வந்தது. அந்த வேலை, பெட்ரோல் படி நீங்கலாக 14,000 ரூபாய்ச் சம்பளத்தில், அப்படித்தான் கிடைத்தது.

எனவே, கைவேலை தெரியாமல் நேராகக் களத்துக்குப் போக அஞ்சுபவர்கள் இதில் சேரலாம். சேருமுன் ஓடிடிஆர் கருவி எத்தனை, அதை ஒவ்வொருவரும் எத்தனை மணி நேரம் கையாளலாம், கம்பம் ஏறும் பாதுகாப்புப் பயிற்சி உண்டா என்ற மூன்றையும் கேட்டு, பதிலை ரசீதின் பின்புறத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அண்மையில் பயிற்றுநரைச் சந்தித்தபோது 1,840 மீட்டர் கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டு, கேபிள் உறையின் எண்களை அடுத்த குழுவுக்கு முதல் வாரமே காட்டுவதாகச் சொன்னார். இரண்டாவது ஓடிடிஆர் வாங்குவது மட்டும் நிர்வாகத்தின் கையில் இருக்கிறதாம்.