நீலப் புத்தகத்தைப் படித்த பத்திர எழுத்தர்

பாளையங்கோட்டையில் 31 ஆண்டுகள் பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். யார் எதை நீட்டினாலும் முதலில் சொத்து விவரம், அடுத்து அடித்தல் திருத்தல், விலை கடைசியில்தான். இப்போது மகளோடு கொலராடோ மாநிலத்து அரோராவில் இருக்கிறேன். 2024 நவம்பரில், அமெரிக்கக் குடிமகனாக என் முதல் வாக்கு. இங்கே வாக்குச்சீட்டு தபாலில் வீட்டுக்கே வந்துவிடுகிறது. அதிபர் பெயரைத் தாண்டிப் போனால் மாநில அளவில் மட்டும் 14 கேள்விகள். அவற்றில் ஏழு, மாநில அரசமைப்பைத் திருத்தலாமா என்பவை.

இந்திய அரசமைப்பை நூறு தடவைக்கு மேல் திருத்திவிட்டார்கள். ஒரு தடவைகூட என்னைக் கேட்டதில்லை. இங்கே கேட்கிறார்கள். கேட்பதற்கு முன்பே ஒரு புத்தகத்தையும் இலவசமாக அனுப்பிவைக்கிறார்கள். பேச்சுவழக்கில் ‘ப்ளூ புக்’. கட்சி சாராத சட்டமன்ற ஊழியர்கள் தயாரிப்பது. வாக்காளர் இருக்கும் வீடுகளுக்கெல்லாம் வருகிறது. மகள் அதைப் பழைய காகிதத்தோடு போடப் போனாள். பிடுங்கி வைத்துக்கொண்டேன்.

திருத்தங்களின் பெயரிலேயே ஒரு செய்தி இருக்கிறது. ஜி, எச், ஐ என்று எழுத்து இருந்தால் சட்டமன்றம் அனுப்பியது. 79, 80 என்று எண் இருந்தால் பொதுமக்கள் கையெழுத்துத் திரட்டிக் கொண்டுவந்தது. ‘அமெண்ட்மெண்ட்’ என்றால் அரசமைப்பிலேயே கைவைப்பது. ‘ப்ரொப்பொசிஷன்’ என்றால் சாதாரணச் சட்டம், சட்டமன்றம் பிறகு மாற்றிக்கொள்ளலாம். அதனால் முன்னதை இரண்டு தடவை படித்தேன், பின்னதை ஒரு தடவை.

புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, ஒவ்வொரு திருத்தத்துக்கும் ‘ஆம்’ என்றால் என்ன நடக்கும், ‘இல்லை’ என்றால் என்ன நடக்கும் என்று தனித்தனியாகச் சொல்லிவிடும் பகுதி. இது எதற்கு என்று அலட்சியமாகக் கேட்பவர்கள் 2016-இல் வந்த ‘அமெண்ட்மெண்ட் டி’யைப் பார்க்க வேண்டும். அன்றைய சீட்டில் இருந்த கேள்வி, தமிழில் கிட்டத்தட்ட இப்படி வரும்: ‘குற்றத்துக்கான தண்டனை என்னும்போது, அடிமைமுறைக்கும் கட்டாய ஊழியத்துக்கும் உள்ள தடைக்கு அளிக்கப்பட்டிருக்கும் விலக்கை நீக்குவது குறித்து அரசமைப்பில் திருத்தம் செய்ய வேண்டுமா?’ தடை, தடைக்கு விலக்கு, விலக்குக்கு நீக்கம். அடிமைமுறை வேண்டாம் என்பவர் எந்தக் கட்டத்தை நிரப்புவது? நூலிழையில் தோற்றது. 2018-இல் அதே விஷயத்தை, ‘எந்தச் சூழ்நிலையிலும் அடிமைமுறையைத் தடைசெய்யலாமா’ என்கிற மாதிரி நேராகக் கேட்டார்கள், சுலபமாக வென்றது. 2016-இல் வாசகம் குழப்பியதுதான் தோல்விக்குக் காரணம் என்று பலரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். வாசகம் சறுக்கிக் கோர்ட் வரைக்கும் போன பத்திரங்களைக் கண்ணால் பார்த்தவன்.

பின்பகுதியில் திருத்தங்களின் முழு வாசகம் இருக்கிறது. நீக்கும் சொற்கள்மேல் கோடு, சேர்க்கும் சொற்கள் பெரிய எழுத்தில். அடித்தல் திருத்தலை இப்படி வெளிப்படையாகக் காட்டும் ஆவணத்தின்மேல் எனக்குத் தனி மரியாதை. ‘அமெண்ட்மெண்ட் ஜே’யில் சேர்ப்பு ஒன்றும் இல்லை. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்வதே செல்லுபடியாகும் திருமணம் என்று 2006-இல் எழுதிச் சேர்த்த ஒரே வாக்கியத்தை அடித்துவிடுவது, அவ்வளவுதான். 2015-இல் ஒருபால் திருமணம் செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோதே அந்த வாக்கியத்துக்கு உயிர் போய்விட்டது. ஆனால் ஏட்டில் கிடந்தது. இதற்குப் பாதிக்கு மேல் வாக்குப் போதும், மற்றவற்றுக்கு 55 சதவீதம் வேண்டும் என்பதையும் புத்தகம் தலைப்பருகிலேயே போட்டுவிடுகிறது. புதிதாகச் சேர்ப்பது கடினம், நீக்குவது சுலபம்: 2016-இல் வாக்காளர்களே தங்களுக்கு விதித்துக்கொண்ட விதி.

80-தான் என்னை இரண்டு நாள் பிடித்துவைத்தது. பிள்ளைகளுக்குப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு என்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, யார் மறுப்பார்கள்? எதிர்வாதப் பகுதியைப் படித்த பிறகுதான் வில்லங்கம் தெரிந்தது. தனியார் பள்ளியும் வீட்டுக்கல்வியும் அந்தப் பட்டியலில் இருப்பதால், பொதுப்பணம் அங்கே போக இது வழிவிடலாம் என்கிறார்கள். நான்கு எல்லை போடாமல் நிலம் விற்கிற மாதிரி. அன்றிலிருந்து ஒவ்வொரு திருத்தத்துக்கும் எதிர்வாதத்தையே முதலில் படித்தேன். சரியான முறையா தெரியாது. என் தொழில் புத்தி.

குறைகளும் உண்டு. நிதி விளைவு பற்றிய பகுதி கணக்குப்பிள்ளைக்கு எழுதியது. வீட்டில் உட்கார்ந்து படிப்பவனுக்கு இல்லை. முழு வாசகம் ஒரு கோடியில், விளக்கம் இன்னொரு கோடியில். விரலை அடையாளமாக வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் புரட்ட வேண்டியிருக்கிறது. தமிழில் இல்லை, எதிர்பார்க்கவும் இல்லை.

அதனால் மனைவிக்காக ஏழு திருத்தங்களையும் ஒரு நோட்டில் தமிழில் சுருக்கி எழுதினேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

“80-க்கு எதிராக ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். ஆதரவாக இரண்டே வரிதானா?”

“முக்கியமானதை மட்டும் எடுத்தேன்.”

“உங்களுக்கு முக்கியமானதை. புத்தகத்தை மகளிடம் கொடுங்கள், அவள் வாசிக்கட்டும்.”

மகள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, ஒரு சாதகம், ஒரு பாதகம் என்று மாற்றி மாற்றித் தமிழில் சொல்ல, மனைவி கேட்டுக்கொண்டே பீன்ஸ் நறுக்கினாள். பிறகு வாக்குச்சீட்டு உறையில் தமிழில் கையெழுத்துப் போட்டு ஒட்டினாள். எந்தக் கட்டத்தை நிரப்பினாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.