எம்.இ. இண்டஸ்ட்ரியல் சேஃப்டி: படித்து முடித்தவனின் ரிவ்யூ

ஓரகடம் பக்கம், தகட்டை மெஷினில் அழுத்தி பாகம் செய்கிற ஒரு பிரஸ் ஷாப்பில் மூன்று வருடம் ஷிப்ட் சூபர்வைசராக இருந்துவிட்டுத்தான் இந்தப் படிப்புக்குப் போனேன். என் ஷிப்டில் ஒரு பையனுக்கு இரண்டு விரல் போய்விட்டது. கை உள்ளே போனால் பிரஸ்ஸை நிறுத்துகிற லைட் கர்ட்டன் அந்த மெஷினில் இருந்தது, ஆனால் அடிக்கடி நிற்கிறது, டார்கெட் விழுகிறது என்று அதை பைபாஸ் செய்து வைத்திருந்தார்கள். விசாரணை அறிக்கையில் ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று எழுதினார்கள். அதில் என் கையெழுத்தும் இருக்கிறது.

சரி, படிப்புக்கு வருவோம். அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் ஒரு தனியார் கல்லூரி, பெயர் வேண்டாம். இரண்டு வருடம், நான்கு செமஸ்டர். பாடத்திட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன். தொழில்சார் சுகாதாரப் பாடம் மட்டுமே கொடுத்த காசுக்குத் தகும். 90 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம், 95 ஆனால் நான்கு மணி நேரம்தான் என்று வகுப்பில் சொன்ன அன்றுதான், வீட்டில் நான் ஏன் எப்போதும் கத்திப் பேசுகிறேன் என்று புரிந்தது. ஆபத்தை அடியோடு நீக்கு, முடியாவிட்டால் மாற்று, அதுவும் முடியாவிட்டால் மெஷினில் தடுப்புப் போடு, ஹெல்மெட்டும் கிளவுஸும் கடைசி என்று பாடம் சொல்கிறது. வேலைக்கு வந்தபின் என் பாதி நாள் ஹெல்மெட் கணக்கில்தான் போகிறது, அது வேறு கதை.

லேப் மோசம். சத்தம் அளக்கிற மீட்டர் இருந்தது, பேட்டரி இல்லை. கேஸ் டிடெக்டரைக் கண்ணாடி அலமாரியில் கொலு மாதிரி வைத்திருந்தார்கள். பிளான்டில் எங்கே என்ன தவறாகலாம் என்று முன்கூட்டியே தேடுகிற ஹசாப் (HAZOP) ஆய்வை ஒரு கெமிக்கல் பிளான்டைக் கண்ணால் பார்க்காமலே தாளில் செய்தோம். ஒரு பெரிய காயத்துக்குப் பின்னால் 29 சின்னக் காயம், காயமில்லாத 300 சம்பவம் இருக்கும் என்று 1931-இல் ஹைன்ரிச் சொன்ன 1-29-300 முக்கோணத்தைப் பின்னால் எத்தனையோ பேர் கேள்வி கேட்டுவிட்டார்கள், எங்களுக்கு அது இன்னும் வேதவாக்கு. உண்மையில் நான் தொழில் கற்றது கடைசி செமஸ்டர் புராஜெக்டில். அந்தக் கம்பெனியில் இருந்த பழைய சேஃப்டி ஆபீசர், டேங்குக்குள் ஆள் இறங்குமுன் மேலே, நடுவே, அடியில் என்று மூன்று இடத்தில் ஆக்சிஜன் பார்ப்பார், 19.5 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் பெர்மிட்டில் கையெழுத்துப் போடமாட்டார், யார் வந்து சத்தம் போட்டாலும் சரி.

வேலை கிடைக்குமா என்று கேட்பவர்களுக்கு: கிடைக்கும், ஆனால் இந்தப் பட்டம் மட்டும் போதாது. சேஃப்டி ஆபீசர் பதவிக்கு அரசு ஏற்ற பாதுகாப்புப் பட்டமோ டிப்ளமோவோ வேண்டும், அதோடு தொழிற்சாலையில் மேற்பார்வை அனுபவமும் கேட்பார்கள். பி.இ. முடித்த கையோடு நேராக இதில் சேர்ந்த என் வகுப்புத் தோழர்கள் கான்ட்ராக்டரிடம் சேஃப்டி சூபர்வைசராகத்தான் ஆரம்பித்தார்கள், சம்பளமும் அதற்கேற்ற மாதிரிதான். ஏற்கனவே ஃபேக்டரியில் இருப்பவர்களுக்கு இரண்டு வருடம் செலவழிக்க முடியாது என்றால், சென்னை தரமணியில் உள்ள மத்திய அரசின் மண்டல தொழிலாளர் நிலையத்தில் ஒரு வருட அட்வான்ஸ்டு டிப்ளமோ இருக்கிறது. மறுபடி படிக்கச் சொன்னால் நான் அங்கேதான் போவேன். பஸ் ஸ்டாண்டில் போஸ்டர் ஒட்டுகிற ஆறு மாத ‘ஃபயர் அண்ட் சேஃப்டி, வேலை உறுதி’ ஆட்களிடம், இந்தச் சான்றிதழை அரசு ஏற்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள், பேச்சு மாறிவிடும். வளைகுடா போகிற ஆசை இருந்தால் நெபோஷ் என்கிற பிரிட்டிஷ் சேஃப்டி சான்றிதழ் வேண்டும், அது தனிச் செலவு.

சட்டம் மாறியதும் நம் பக்கம்தான். 1948 தொழிற்சாலைகள் சட்டப்படி பொதுவாக ஆயிரம் பேர் வேலை செய்தால்தான் சேஃப்டி ஆபீசர் கட்டாயமாக இருந்தது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த, தொழிலிடப் பாதுகாப்புக்கான புதிய தொகுப்புச் சட்டத்தில் அது 500 ஆகிவிட்டது, அபாயகரமான தொழில் என்றால் 250, கட்டுமானத்துக்கும் 250. இடங்கள் கூடும். நிரப்புகிறவர்கள் ஆளை எடுப்பார்களா, காகிதத்தில் பெயரை மட்டும் காட்டுவார்களா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

அப்புறம், எந்தக் கல்லூரியிலும் சொல்லித்தராத ஒன்று இந்தி. என் சைட்டில் வேலை தொடங்குமுன் பாதுகாப்பு பற்றிப் பேசுகிற காலை டூல்பாக்ஸ் டாக்கில் நிற்பவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒடிசா, பீகார் பிள்ளைகள். உயரத்தில் விழாமல் தாங்குகிற ஹார்னஸ் பெல்ட்டின் கொக்கியை எங்கே மாட்டுவது என்று தமிழில் அழகாக விளக்கி என்ன பயன்? ஓட்டை இந்தியில் சமாளிக்கிறேன், அவர்கள் சிரிக்கிறார்கள், கொக்கியை மாட்டிக்கொள்கிறார்கள்.

பாடத்துக்கு நான்கு ஸ்டார், லேப்புக்கு ஒன்று. அட்மிஷனுக்குப் போனால் பிளேஸ்மென்ட் பேனரைப் பார்க்காதீர்கள், அந்த கேஸ் டிடெக்டரைக் கடைசியாக எப்போது காலிபரேட் செய்தீர்கள் என்று கேளுங்கள். அலமாரிச் சாவியைத் தேட ஆரம்பித்தால் கிளம்பி வந்துவிடுங்கள்.