போனில் சட்ட ஆலோசனை: பேச்சு அருமை, எழுதி அனுப்பியது சுமார்

பணம் கட்டி போனில் வக்கீலிடம் பேசும் சேவை ஒன்றை எடுத்தேன். பெயர் வேண்டாம், கொஞ்சம் திட்டவும் போகிறேன். சித்தப்பாவின் நில வழக்கு முன்சீப் கோர்ட்டில் தோற்றுவிட்டது, அடுத்து அப்பீலா, சீராய்வா, மறுஆய்வா என்று வீட்டில் ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பேசிய வக்கீலைக் குறை சொல்லவே முடியாது, மூன்றையும் அழகாகப் பிரித்துக் காட்டினார். மேல்முறையீட்டில் மேல் கோர்ட் வழக்கை மறுபடி பார்க்கும். முதல் அப்பீல் என்றால் சாட்சியம், சட்டம் இரண்டையுமே கிளறலாம், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 96-வது பிரிவு அது. அதிலும் தோற்றால் 100-வது பிரிவில் ஹைகோர்ட்டுக்கு இரண்டாவது அப்பீல் உண்டு, ஆனால் முக்கியமான சட்டக் கேள்வி ஒன்று இருந்தால்தான் எடுப்பார்கள், 'சாட்சி பொய் சொன்னான்' என்று அங்கே போய் அழுது பிரயோஜனமில்லை. மறுஆய்வு, தீர்ப்புச் சொன்ன அதே கோர்ட்டில் கேட்பது: ஆவணத்தைப் பார்த்ததுமே தெரிகிற பிழை, முன்பு எவ்வளவு முயன்றும் கிடைக்காத புது ஆதாரம், இந்த மாதிரி காரணங்கள் வேண்டும். சீராய்வு, அப்பீலுக்கு வழியில்லாத விஷயங்களில் கீழ்க்கோர்ட் அதிகார வரம்பைத் தாண்டியதா என்று ஹைகோர்ட் பார்ப்பது, 115-வது பிரிவு. உச்ச நீதிமன்றத்தில் போடும் மறுஆய்வு மனுவையும் பத்திரிகைகள் 'சீராய்வு மனு' என்றே எழுதுகின்றன, அப்புறம் நாம் குழம்பாமல் என்ன செய்வது!

கட்டிய காசு ஈடானது வேறொரு இடத்தில். அப்பீல் போட்டதாலேயே தீர்ப்பு நின்றுவிடாதாம். அதே உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 41, விதி 5-இன்படி தடை கேட்டுத் தனியாக மனு போட்டு, கோர்ட் ஸ்டே கொடுத்தால்தான் நிற்கும். இல்லையென்றால் அப்பீல் ஒருபக்கம் நடக்க, எதிர்த்தரப்பு நிறைவேற்று மனு போட்டு நிலத்தை எடுத்துக்கொண்டு போகலாம். வீட்டில் ஒருவருக்கும் இது தெரியாது, அப்பீல் நம்பர் விழுந்தால் போதும் என்றே இருந்தார்கள்.

சரி, குறைகள். காலக்கெடுவை நானாகக் கேட்கும்வரை அவர் வாயே திறக்கவில்லை, முதலில் சொல்ல வேண்டியதே அதுதானே? அப்பீல் ஹைகோர்ட்டுக்கு என்றால் 90 நாள், மற்ற கோர்ட்டுகளுக்கு 30 நாள், தீர்ப்பின் சான்றிட்ட நகல் வாங்க ஆகும் நாட்களைக் கழித்துக்கொள்ளலாம், தாமதமானால் தகுந்த காரணம் காட்டி மன்னிப்பு மனு போட வேண்டும். இதைவிட மோசம், பேசி முடித்ததும் அனுப்பிய சுருக்கக் குறிப்பு. வக்கீல் அத்தனை தெளிவாகச் சொன்ன பிறகு, அதில் அப்பீல் என்று வர வேண்டிய இடத்திலெல்லாம் 'சீராய்வு' என்று போட்டிருக்கிறார்கள், யாரோ பழைய குறிப்பை வெட்டி ஒட்டியிருக்க வேண்டும். இதை நம்பி ஒருவர் தப்பான மனுவைப் போட்டால் யார் பொறுப்பு?

பேசுவதற்கு மட்டும் தாராளமாக எடுக்கலாம், தீர்ப்பு நகலைக் கையில் வைத்துக்கொண்டு, காலக்கெடுவையும் ஸ்டேயையும் முதல் கேள்வியாகக் கேளுங்கள். தனிக் கட்டணத்தில் அப்பீல் மனுவும் எழுதித் தருகிறார்களாம், அந்தக் குறிப்பைப் பார்த்த பிறகு எனக்குத் துணிச்சல் வரவில்லை. சித்தப்பாவின் பழைய வக்கீலே போடுகிறார்.